மேலிருந்து இழுத்த கயிறு

சென்றாயன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாறை ஏறும்போது இடுப்பில் கட்டிய கயிற்றின் முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான், என்னுடையதையும் விடமாட்டான். அப்படிப்பட்டவன், ஓசூரில் நாங்கள் வேலை செய்கிற, தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் டார்கெட் முடிக்க வேண்டுமென்று, கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒற்றைக் கையால் மெஷினை ஓட்டினான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அறிவு கெட்டவன்.

நாட்றாம்பாளையம் போகிற வழியில் இரண்டு பாறைச் சுவர்கள் சேர்கிற மூலை ஒன்று உண்டு. அந்த மூலையில் அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெடிப்பு. பெங்களூர்க்காரர்கள் யாரோ பக்கத்துச் சுவரில் வரிசையாக போல்ட் அடித்திருக்கிறார்கள். முன்னால் ஏறுகிறவன் அதில் கொக்கி மாட்டி, கயிற்றைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஷிஃப்டில் எங்கேயும் கயிற்றில் தொங்காமல் அதை ஏறியவன் சென்றாயன்தான். காயம் ஆறியதும் அங்கே போகலாமென்று என் உயிரை எடுத்தான். முன்னால் ஏற முடியாவிட்டால் இனி பாறைப்பக்கமே வரப்போவதில்லை என்றான். நான் சிரித்து மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கீழ்ப்பாதியில் வெடிப்பு அகலம். முட்டியைத் திணித்துத் திணித்து ஏறிவிட்டான். அதற்கு மேல் விரல் மட்டுமே நுழையும். அங்கே வலது கையை வைத்தான், வழுக்கினான், விழுந்தான். கீழே கயிற்றைப் பிடித்திருந்த என்னையும் சேர்த்துத் தூக்கியது. திரும்பப் போனான், திரும்ப விழுந்தான். போதும் இறங்கு என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிந்த பிறகுதான் இறக்கச் சொன்னான்.

அடுத்து நான் ஏறினேன். என் விரல்கள் அந்த வெடிப்பில் சுலபமாக உட்கார்ந்தன. எனக்கு அவமானமாக இருந்தது. உச்சியில் இருந்த போல்ட்டில் என்னைக் கட்டிக்கொண்டு, மேலிருந்து கயிற்றைப் பிடித்து அவனை வரச் சொன்னேன். குறுகலான இடம் வந்ததும் கயிறு நின்றுவிட்டது. அவன் மூச்சு மேலே வரைக்கும் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை. அவன் எம்பும்போதெல்லாம் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தேன். மெல்ல மெல்ல வந்து சேர்ந்தான்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாதவா, நீ இழுத்தியாடா?"

அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? இல்லை என்று நான் சொல்ல வேண்டுமென்றுதான் கேட்டான். அப்படிச் சொன்னால் அடுத்த வாரமே மறுபடியும் முன்னால் ஏறுவான். போல்ட்டைத் தாண்டிப் போய் விழுந்தால் காலும் போகும்.

"இழுத்தேன்" என்றேன்.

"கொஞ்சமா?"

"அந்த இடத்திலேர்ந்து முழுசும்டா."

தலையை ஆட்டினான். அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. பழக்கம்போல என் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான்.

"சரியா இருக்குது. இனிமே கயிறு பிடிக்க வேற ஆளப் பாத்துக்கடா."