அண்ணன் பை

ரத்தினம்மாள் காலனிக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. வந்ததோடு நிற்காமல், பொன்னியின் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி குடு பொன்னி" என்று கேட்டாள்.

பொன்னி சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ரத்தினம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டுகிறவள். அவளுக்கு டீ ஊற்றும் டம்ளர் கொட்டகைச் சுவரில்தான் கவிழ்ந்திருக்கும். இன்று அந்த வீட்டம்மா அவள் சொம்பில் வாய் வைத்துக் குடிக்கிறாள்.

"நம்ம புள்ளைங்க ரெண்டு பேரையும் சிதம்பரம் பைபாஸ்ல புடிச்சி, கடலூர் ஜெயில்ல போட்டுட்டாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்மா. நேத்துலேருந்து பச்சத்தண்ணி எறங்கல. எம்புள்ள செம்பியன் பீடி கூட புடிக்கமாட்டாம்மா. அவங்கையில கஞ்சாவா?"

"கத்தாத. தை பொறந்தா எங்க ராஜ்கமலுக்குக் கல்யாணம். பொண்ணு வூட்டுக்குச் சேதி போச்சுன்னா எல்லாம் போச்சு. பெரிய வக்கீலா வெச்சிருக்கோம். ரெண்டு பேருக்கும் அவருதான். 'பை என்னுது, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு உம்புள்ளைய ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. சின்ன கேசுதான். பொங்கலுக்குள்ள வெளிய கொண்ணாந்துடுவாரு."

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"என்னாடி பொய்? அவன் மடியிலதான இருந்துச்சு?"

ரத்தினம்மாள் எழுந்தாள். "ஜாஸ்தி யோசிக்காத. எங்க வூட்டு உப்பத் தின்னு வளந்தவன் அவன்."

மறுநாள் பொன்னி கடலூருக்கு பஸ் ஏறினாள். ஏழைகளுக்குக் கோர்ட்டிலேயே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று பக்கத்து வீட்டு வெண்மதி சொல்லியிருந்தாள். அங்கே இருந்தவள் பிரிசில்லா, இளம் வக்கீல்.

"உக்காருங்கக்கா."

"பரவால்லம்மா, நிக்கறேன்."

"நீங்க நின்னா நானும் நிக்கணும். எனக்குக் காலு வலிக்குது."

பொன்னி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"வண்டிய ஓட்டுனது யாரு?"

"சின்னய்யா ராஜ்கமலு. எம்புள்ள பின்னாடி, பைய மடியில வெச்சிக்கிட்டு."

"பை யாருது?"

"அவுங்களுது."

"அப்ப இவன் ஏன் வெச்சிருந்தான்?"

பொன்னிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவுங்க பைய அவுங்களே எப்படிம்மா தூக்குவாங்க? கேக்கறதுக்கு மின்னயே கை நீட்டி வாங்கிக்கணும்னு இவங்கப்பா உசுரோட இருந்தப்பவே பழக்கி வுட்டுட்டாரு. உள்ள என்னா இருக்குன்னு கேக்கற வழக்கமெல்லாம் இல்ல."

பிரிசில்லா பேனாவை மூடினாள். அவளும் ஒரு காலனியில் பிறந்தவள்தான்.

"அக்கா, அந்த வழக்கமெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. யாரு கையில இருந்துச்சோ, அவனுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்னு கோர்ட் எடுத்துக்கும். தெரியாதுன்னு நாமதான் நிரூபிக்கணும். பையில கிலோ கணக்குல இருந்திருக்கு. பத்து வருஷம் வரைக்கும் போவும்."

"பை என்னுதுன்னு இவன் சொல்லிட்டா, ரெண்டு பேருக்கும் வெச்சிருக்கற பெரிய வக்கீலு பொங்கலுக்குள்ள வெளிய கொண்ணாந்துடுவாருன்னாங்களே!"

"யாரு சொன்னா? ஒருத்தன் தப்பிக்கணும்னா இன்னொருத்தன் மாட்டணும். ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் எப்படிக்கா பேசுவாரு? உங்க புள்ள எதையும் ஒத்துக்கக் கூடாது."

பொன்னி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போலீசு கை காட்டுனதும் வண்டிய நிறுத்தச் சொன்னதே எம்புள்ளதானாம். அங்க நின்ன பூக்காரம்மா சொல்லுச்சு. மடியில கனம் இருக்கறது தெரிஞ்சவன் நிறுத்தச் சொல்லுவானா?"

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா? வாங்க, ஜெயிலுக்குப் போலாம். அவன் எனக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டாத்தான் நான் அவனுக்காகப் பேச முடியும்."

கம்பி வலைக்கு அந்தப்புறம் செம்பியன் தாமதமாகத்தான் வந்தான். முழங்கை வரை சோப்பு நுரை.

"இன்னாடா இது?"

"அண்ணன் லுங்கி சட்டைம்மா. ஊற வெச்சிட்டு வந்தேன். பாவம், அவருக்கு இங்க சாப்பாடே எறங்கல."

பிரிசில்லாதான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அவன் தலைகுனிந்தே கேட்டான். காவலர் வக்காலத்தை வாங்கி அந்தப்புறம் நீட்டினார். செம்பியன் பேனாவைக் காகிதத்தில் வைத்தான். வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடட்டா?"

பிரிசில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னி இரண்டு கைகளாலும் வலையைப் பிடித்தாள்.

"அவன எதுக்குடா கேக்கற?"

சொன்ன பிறகு, ராஜ்கமலை 'அவன்' என்று சொன்னது தான்தானா என்று அவளுக்கே திக்கென்றது. செம்பியன் பயந்து பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. மெதுவாகக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"நேரமாச்சு, கெளம்பு" என்றார் காவலர்.

"வரேம்மா. துணி ஊறிக்கிட்டே கெடக்குது. இப்ப அலசலேன்னா நாறிப்பூடும்."

"நாறட்டும்" என்றாள் பொன்னி.