இடைவேளைக்குப் பிறகு முத்தாத்தாள் சொன்னது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவள் முத்தாத்தாள். வாயை மூடிக்கொண்டு கேட்டவள் நான்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘நொய்யல் கரையில் இளவெயில் மெல்லப் படர்ந்தபோது…’ அடித்துவிட்டேன். நாங்கள் வேலை பார்த்த அறையில் வெயிலே விழாது.

1966. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் மேசையில் மூன்று பெண்கள்: நெருப்பெரிச்சல் என்ற ஊரிலிருந்து வரும் முத்தாத்தாள், அவளைவிடப் பத்து வயது இளையவளான நூர்ஜான், பிறகு தெய்வாத்தாள் ஆகிய நான். பன்னிரண்டு வருடம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

2

முத்தாத்தாள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேட்னி பார்ப்பாள். திங்கட்கிழமை சோற்று நேரத்தில் எங்களுக்குப் படத்தைச் சொல்வாள். சினிமா என்றால் அவளுக்கு உயிர். ஆனாலும் யாருக்காகவும் தயவு பார்க்க மாட்டாள்.

ஒரு கதாநாயகனைப் பற்றி, “காலேஜுப் பையனாமா. எங்க மாமனாரு வயசு” என்றாள். அதோடு அந்த ஆள் முடிந்தான். மழைப் பாட்டில் நாயகி தொப்பலாக நனைந்திருக்க, நாயகனின் தலைமுடி மட்டும் கலையவில்லை என்று ஒரு வாரம் குறைப்பட்டுக்கொண்டாள். தமாஷ் நடிகர்களிடம்தான் ரொம்பக் கறார்.

“வுழுகறவன் மொதல்லயே எடத்தப் பாத்துக்கிட்டு வுழுந்தா எனக்குச் சிரிப்பு வராதுங்க. அவனுக்கே தெரியாம வுழோணும்.”

(இதைவிடப் பெரிய விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. எழுதும்போது நானும் இடம் பார்த்துத்தான் விழுகிறேன் என்பது தெரிகிறது. மேலே போகிறேன்.)

நூர்ஜான் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. அவள் அப்பா பசீர் அகமது, வேஸ்ட் துணி வியாபாரி, கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள். சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் நஸ்ருதீன் அவளைக் கட்டிக்கொள்ள இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டிருந்தார். அப்பாவுக்குச் சம்மதம். ஒரு தடவை பட்டது போதும் என்று இவள்தான் மறுத்துவிட்டாள்.

3

அப்போது ஒரு படம் வந்தது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓர் இளம் விதவையின் கதை.

முத்தாத்தாள் அதை இரண்டு சோற்று நேரம் சொன்னாள். அந்தப் பெண்ணின் மாமியார் கண்ணை உருட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றும், தமாஷ்காரன் வருகிற இடமெல்லாம் கடலை வாங்கப் போகலாம் என்றும் சொன்னாள். பிறகு குரல் மாறியது. அந்த விதவை தையல் மிஷின் ஒன்று வாங்கிக் கடை போடுகிறாள், எதிர்க்கடைக்காரன் தினமும் ஒரே சட்டையில் பொத்தான் தைக்கக் கொண்டு வருகிறான், கடைசியில் அவள் சிரிக்கிறாள், கல்யாணம்.

நூர்ஜான் கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு தூக்குப்போசியில் அப்படியே இருந்தது. அடுத்த மாதம் நஸ்ருதீனுக்குச் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

4

நான் அந்தப் படத்தை

நான் அந்தப் படத்தை முன்பே

(இரண்டு முறை நிறுத்திவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.)

நான் அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தேன், கடைசி வரைக்கும். அதில் தையல் மிஷினே கிடையாது. அந்தப் பெண் செத்த கணவனின் போட்டோவுக்கு முன்னால் விழுந்து சாகிறாள், கொட்டகையே அழுதது. முத்தாத்தாள் வேறு முடிவைச் சொல்லச் சொல்ல, திருத்த வாயைத் திறந்தேன். நூர்ஜானின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

5

மறுவருஷம் அந்தப் படம் அனுப்பர்பாளையத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. அதற்குள் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எந்தப் படத்துக்குப் போகலாம் என்று நஸ்ருதீன் கேட்டதும், நூர்ஜான் அதைத்தான் சொன்னாளாம். மணலில் உட்கார்ந்து, தையல் மிஷின் எப்போது வரும் என்று கடைசிவரை பார்த்திருக்கிறாள்.

மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. நான்காம் நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அந்தப் படத்தப் பாத்தனுங்க்கா.”

முத்தாத்தாள் ஒன்றும் மறைக்கவில்லை. வீட்டில் எருமை கறக்க வேண்டும், பால்காரர் ஐந்து மணிக்கு வந்துவிடுவார், அதனால் இத்தனை வருஷமாக எந்தப் படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்ததில்லை என்று சொன்னாள். பார்த்த பாதியைப் பற்றித் தான் பொய் சொன்னதே இல்லை என்றாள். மீதியைப் பஸ்ஸில் போகும்போது யோசிப்பாளாம்.

“ஆனா அந்தப் படத்துக்குப் பஸ்ஸுல வேற முடிவு யோசிச்சிருந்தேன் கண்ணு. அதுல அவ செத்துத்தான் போவா. இங்க வந்து உன்ர மொகத்தப் பாத்துட்டுச் சாவடிக்க முடியல.”

நூர்ஜான் கத்தரிக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டே சொன்னாள். “நெசப் படத்தப் பாத்திருந்தா நான் அவருக்குச் சரின்னு சொல்லியிருக்கவே மாட்டனுங்க்கா.”

“இப்ப வருத்தமா கண்ணு?”

“இல்லீங்க. அதாங்க பயமா இருக்குது.”

முத்தாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. இதை அச்சில் படித்துத்தான் அவர்கள் இருவரும் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

6

முடிவு.

அந்தச் சித்திரையில் முத்தாத்தாளின் எருமை பால் வற்றி நின்றது. ஒரு ஞாயிறு நூர்ஜான் அவளை மேட்னிக்கு அழைத்துப் போனாள். முதன்முறையாக ஒரு முழுப் படம். இதுவரை நிச்சயம்.

அதற்குமேல் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசி வரை உட்கார்ந்து பார்த்ததாகவும், முடிவு படு மட்டம் என்றும் முத்தாத்தாள் சொல்கிறாள். நூர்ஜான் இல்லை என்கிறாள். இடைவேளை மணி அடித்ததும் பழக்கத்தில் முத்தாத்தாள் எழுந்துவிட்டாள், உட்காரச் சொல்ல வாயெடுத்த தானும் கூடவே எழுந்துவிட்டதாகச் சொல்கிறாள். பஸ்ஸைக்கூடப் பிடிக்காமல் நெருப்பெரிச்சல் வரை நடந்தே போனார்களாம். மீதிப் படத்தை ஆளுக்கொரு காட்சியாகச் சொல்லிக்கொண்டு போனார்களாம். வழியில் யாரையும் சாகவிடவில்லையாம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றை அடிக்க எனக்குக் கை வரவில்லை. உண்மை தெரிந்தும் ஒருமுறை சும்மா இருந்தேன். இந்தமுறை எனக்கு உண்மையும் தெரியாது. இருட்டான கொட்டகையில் மணி அடித்துவிட்டது, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு பெண்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் இருப்பவர் நீங்கள். எழுந்தார்களா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.