நாற்பத்தோராம் பக்கத்துத் தேர்ஃபோர்

கடிதம் வந்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, துணி துவைக்கும் மிஷின் நிற்பதற்காகக் காத்திருந்தேன். வீட்டை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எந்தக் குப்பையை எந்த டப்பாவில் போட வேண்டும், எந்த பஸ்ஸைப் பிடித்தால் முதல் வகுப்புக்கு மூச்சிரைக்காமல் போய்ச் சேரலாம், எல்லாம் அத்துப்படி. முதல் வாரம் தப்பான பஸ்ஸில் ஏறி டெப்போ வரைக்கும் போய் டிரைவரோடு திரும்பி வந்தவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். அந்தத் தெம்பில்தான் கடிதத்தைத் திறந்தேன்.

நான் படிப்பது கட்டடப் பொறியியல், முதல் வருடம். பருவத்தின் நடுவில் ஒரு தேர்வு வைத்தார்கள். சுவரிலும் ஜன்னலிலும் ஈரம் எப்படிச் சேர்கிறது என்பது கேள்வி. புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, கம்ப்யூட்டரில் பதிலை அடிக்க வேண்டும். என் பதில் பாடப் புத்தகத்தோடு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஒத்துப்போகிறதாம். ஒளித்து வைத்துப் பார்த்து எழுதியதாகச் சந்தேகம். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கம். படிப்பு போனால் விசா போகும். விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மிஷின் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வீட்டில் என்னோடு இருப்பவள் மூன்றாம் வருடம் படிக்கும் ஓர் அக்கா. நான் வைத்த பெயர் தாசில்தார். எதற்கெடுத்தாலும் உத்தரவு எழுதி ஒட்டுவாள். ஃபிரிட்ஜில் ஒன்று, குழாய்க்கு மேலே ஒன்று. என் அறைக் கதவில் ஒட்டியது எனக்காகவே எழுதியது: ‘உள்ளே துணி காயப்போட்டால் ஜன்னலைத் திறக்கவும்.’ கீழே இரண்டு கோடு வேறு.

“துணிய எடு, அடுத்து நான் போடணும்,” என்று வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். “என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

கைபேசியை நீட்டினேன். படித்தாள்.

“பாத்து எழுதினியா?”

“இல்லக்கா. மனப்பாடம்.”

“எது, ஒரு பாராவா?”

“மூணாவது சாப்டர் முழுசும்.”

“முழுசும்னா?”

“படத்துக்குக் கீழ போட்டிருக்கிற பொடி எழுத்து உட்பட.”

தாசில்தார் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அடிப்பாவி. அது சாப்டரா, ஸ்லோகமா?”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனப்பாடம் எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி. அம்மாவுக்குத் தையல் வேலை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மிஷினை மிதித்துக்கொண்டே, பக்கத்து ஸ்டூலில் என் புத்தகத்தை விரித்து வைத்து ஒப்பிக்கச் சொல்வாள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அர்த்தம் தெரியாது. ஆனாலும் நான் ஒரு வார்த்தையை விழுங்கினால் ஊசி நின்றுவிடும். இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை. நான் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவேன். அம்மா கடையில் கொடுத்து அச்செடுத்து வைத்துக்கொண்டு வீடியோ காலில் கேட்பாள்.

“நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு தேர்ஃபோர விட்டுட்ட.”

“ஒரு ‘அதனால’ இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாதும்மா.”

“காஜா எடுக்காத சட்டைக்குப் பட்டன் வச்ச மாதிரி பேசாத. போட்டிருக்கான்ல, சொல்லு. முதல்ல இருந்து.”

பன்னிரண்டு வருடமும் இப்படி எழுதித்தான் முதல் ஆளாக வந்தேன். இதே திறமை என்னைக் குற்றவாளியாக்கும் என்று யார் கண்டது?

வியாழன் வரைக்கும் மூன்று நாள். அம்மா தினமும் கூப்பிட்டாள்.

“குரல் ஏன் கம்மிக் கெடக்கு?”

“சளிம்மா.”

“ரூமுக்குள்ளயே துணியக் காயப்போட்டா சளி பிடிக்காம என்ன பண்ணும்?”

விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், ‘நான் ஒப்பிக்க வச்சதாலயா?’ என்று கேட்பாள். அந்தக் கேள்விதான் விசாரணையைவிட அதிகமாக பயமுறுத்தியது.

வியாழன் காலை தாசில்தார் என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வழக்கம்போல ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

“இன்னைக்கும் திறக்கல. உத்தரவுக்கு ஒரு மரியாதை இல்ல,” என்றாள். பிறகு, “அங்க போய் அழுது வைக்காத. ரூமுக்கு ஒரு ஜன்னல் அழுதாப் போதும்.”

விசாரணை அறையில் நீள மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி, இரண்டு பேர். ஒருவர் எங்களுக்கு அந்தப் பாடம் நடத்தும் பேராசிரியை. இன்னொருவர் கையில் ஃபைல் வைத்திருந்த அலுவலர். அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி சொல்கிறேன்.

“பரீட்சை அன்னைக்குப் புத்தகம் எங்க இருந்துச்சு?” என்றார் அலுவலர்.

“வீட்ல, சார்.”

“அப்ப இது எப்படி வந்துச்சு?” என்று என் பதிலைத் தள்ளிக் காட்டினார்.

வெறுமனே சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் எனக்கு உறுதியாகத் தெரிந்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

“மூணாவது சாப்டர்ல ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க, சார்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியை தன் புத்தகத்தைப் பிரித்தார். “நாப்பத்தொண்ணு.”

எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். வேறு மாதிரி நின்றால் எனக்கு வராது. ஆரம்பித்தேன். அலுவலர் வரிகளின் மேல் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்தார். பாதிப் பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படத்துக்குக் கீழே உள்ள பொடி எழுத்தையும் சொல்லி முடித்தேன். தேர்ஃபோரை விடவில்லை.

“பாத்து எழுதலன்னு நான் நம்புறேன்,” என்றார் பேராசிரியை.

உட்காரப் போனேன்.

“இரு. அந்த தேர்ஃபோர் அங்க ஏன் வருது?”

பன்னிரண்டு வருடத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. ஏன் என்று கேட்டவர்கள் இல்லை.

“அதாவது, அதுக்கு முன்னாடி சொன்னதுக்கும் பின்னாடி சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்?”

புத்தகத்தின் அடுத்த வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் போச்சு. அலுவலர் இன்னும் ஃபைலை மூடவில்லை.

“புரியாம எழுதினதுக்கும் பாத்து எழுதினதுக்கும் நான் என்ன வித்தியாசம் காட்டுறது?” என்றார் அவர்.

அந்த அறையின் ஜன்னல் பளிச்சென்று காய்ந்திருந்தது. என் அறை ஜன்னல் ஏன் அப்படி இல்லை?

“எங்க ரூம் ஜன்னல் தினமும் காலைல அழுவும், மேடம்,” என்றேன். அலுவலர் நிமிர்ந்தார். “நான் உள்ளயே துணி காயப்போடுறேன். துணில இருக்கிற ஈரம் காத்துல ஏறிக்குது. ரூம் சூடா இருக்கிறப்ப காத்து நிறைய ஈரத்தச் சுமக்கும். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிரு. கண்ணாடியத் தொட்ட காத்தும் ஜில்லுன்னு ஆயிடுது. ஜில்லுன்னு ஆனா அவ்வளவு சுமக்க முடியாது. அதனால, முடியாதத அங்கயே இறக்கி வச்சிடுது. அதான் தண்ணி.”

மூச்சு வாங்கியது. “கூட இருக்கிற அக்கா ஜன்னலத் திறன்னு எழுதியே ஒட்டியிருக்காங்க. திறந்தா ஈரக் காத்து வெளிய போயிடும். நான்தான் கேக்கல.”

“இப்ப நடுவுல ஒரு ‘அதனால’ சொன்னியே,” என்றார் பேராசிரியை. “புத்தகத்துல இருந்து எடுத்ததா?”

“இல்ல மேடம். தானா வந்துச்சு.”

அவர் அலுவலரைப் பார்த்துத் தலையசைத்தார். முடிவு இதுதான்: பார்த்து எழுதிய குற்றம் இல்லை. ஆனால் அடுத்தவர் வார்த்தைக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. திங்கட்கிழமை அதே கேள்விக்கு என் வார்த்தையில் எழுதித் தர வேண்டும். அலுவலர் ஏதோ எழுதி ஃபைலை மூடினார். “சீட்டு ஒட்டுற அந்த அக்காவ எங்க ஆபீசுக்கு அனுப்பி வை. ஆள் தேவைப்படுது,” என்றார்.

இன்று இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷின் சத்தம் நின்றது.

“அப்ப நான் ஒப்பிக்க வச்சதாலயா?”

“அதாலதான் மாட்டினேன். அதாலயேதான் தப்பிச்சேன்.”

அம்மா அச்செடுத்த தாள்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்தாள்.

“இனிமே நான் எதக் கேக்குறது?”

“தாள மூடி வச்சிட்டு ஏன்னு மட்டும் கேளும்மா.”

“சரி. ஜன்னல் ஏன் அழுவுது? சொல்லு.”

சொன்னேன். இந்த முறை தமிழில், ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அம்மா குறுக்கிட்டாள்.

“இரு இரு. அப்ப ஐஸ் தண்ணி ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் நனையுதே, அதுவும் இதேதானா? நான் இத்தன நாளா டம்ளர் ஒழுகுதுன்னுல்ல நெனச்சேன்.”

அது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை எழுத வேண்டியது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் முதல் வரி கிடைத்துவிட்டது. அம்மாவின் டம்ளரிலிருந்து தொடங்கப் போகிறேன்.