முதல் வரிசைப் பெஜோ

வைத்திக்குப்பம் சாலையில் நாராயணசாமி ஸ்டியரிங்கை வலப்பக்கம்தான் திருப்பினார். அவருடைய பெஜோ கார் அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டு இடப்பக்கம் போய், தெருவோரம் மீன் விற்கும் சின்னப்பொண்ணின் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“ஏன் சார், உன் வண்டிக்கு மீனு வேணும்னா ஆரன் அடிச்சா குடுத்திருக்க மாட்டனா?” என்றாள் அவள்.

பக்கத்து இருக்கையில் கதவுப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்த மனைவி ஹேமலதா, “மீனோட விட்டுச்சேன்னு சந்தோஷப்படுங்க” என்றாள்.

வண்டி பல வருடங்களாக இப்படித்தான் ஆடி ஆடிப் போகும். அதற்கு ‘பிரெஞ்சு நடை’ என்று பெயர் வைத்திருந்தார் நாராயணசாமி.

1953ஆம் வருட வண்டி. அப்பா கப்பலில் வரவழைத்தது. “இதுல ஒரு இந்திய ஸ்க்ரூ கிடையாது” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வண்டியோடு அந்த வாக்கியமும் மகனுக்கு வந்து சேர்ந்தது. அதன் பலத்தில்தான் கடற்கரைச் சாலையில் வருடாவருடம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் பெஜோவுக்கு முதல் வரிசை, பேண்டு வாத்தியத்துக்கு நேர் பின்னால். அந்த ஒரு நாள் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு ‘முசியே’ என்பார்கள். மற்ற நாட்களில் அவர் ஓய்வுபெற்ற மின்துறை எழுத்தர்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் அன்வருதீன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்கிற எண்டு தேஞ்சு போச்சு சார். அம்பாசடர் எண்டு வாங்கிப் போட்டா அரைமணி நேர வேலை.”

“பெஜோவுக்கு அம்பாசடரா? பாய், மனுஷனுக்கு மாட்டுக் கொம்பு வெப்பியா?”

“வெச்சா நிக்குமான்னு பாப்பேன் சார்.”

நாராயணசாமி அசல் எண்டு கேட்டு, லியோனில் பழைய பெஜோ பாகங்கள் விற்கும் ஒரு கடைக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதினார். செல்போன் மொழிபெயர்த்தது, கையெழுத்து மட்டும் அவருடையது. இரண்டு மாதம் கழித்து, ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. அதைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகும் குழந்தைபோலத் துண்டில் பொதிந்து பட்டறைக்குக் கொண்டுபோனார்.

அன்வருதீன் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் துளையில் செருகினார். அது உள்ளே போய் நிற்காமல் தொளதொளவென்று ஆடியது.

“தப்பா அனுப்பிட்டானா?”

“சரியாத்தான் அனுப்பியிருக்கான். ஓட்டைதான் பெருசு. யாரோ குடைஞ்சு பெருசாக்கியிருக்காங்க. நல்ல வேலை.” பழையதைத் துணியால் துடைத்து நீட்டினார். “இது அம்பாசடர் எண்டு சார். இத்தினி வருஷமா இதுலதான் ஓட்டியிருக்கீங்க.”

“இருக்காது. அப்பா போனப்புறம் இதுல யாரையும் நான் கைவைக்க விட்டதே இல்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அன்வருதீன் திரும்பிக்கொண்டு கையைத் துடைத்தார்.

அப்படியானால் அப்பா வந்திருக்கிறார். எப்போதும் போடும் கோட்டைப் போடாமல், தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஏதோ ஒரு பட்டறைக்கு. வாரா வாரம் பின் இருக்கையில் அம்மாவும் சின்ன நாராயணசாமியும் உட்காருவார்களே, அதை நினைத்து வந்திருப்பார். அப்பா ஸ்டியரிங்கைச் சரிசெய்துவிட்டுப் பொய் சொன்னார். மகன் பொய்யை மட்டும் பராமரித்தான்.

“அம்பாசடரே போடு பாய். நமக்குள்ள இருக்கட்டும்.”

“நான் எதுக்கு சார் சொல்லப்போறேன்? எல்லாம் அசல்னு ஊர்வல ஃபாரத்துல கையெழுத்துப் போடறது நீங்கதான.”

அன்று மாலை ஹேமலதாவை ஏற்றிக்கொண்டு அதே வைத்திக்குப்பம் சாலையில் போனார். திருப்பிய பக்கமெல்லாம் வண்டி திரும்பியது. பாதி வழியில் ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவியின் கைகள் கதவுப்பிடியில் இல்லை. மடியில் சும்மா கிடந்தன. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இந்த வண்டிக்குள் அவற்றை அங்கே பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை.

“என்னங்க, இன்னைக்கு வண்டி சொன்ன பேச்சு கேக்குது?” என்றாள்.

வீட்டுக்கு வந்து ஃபாரத்தை எடுத்தார். ‘எல்லாப் பாகங்களும் அசல்’ என்ற வரிக்கு எதிரே வருடாவருடம் வால் நீட்டிக் கையெழுத்துப் போடுவார். இந்த வருடம் பேனாவை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வரியை அடித்துவிட்டு, ‘ஸ்டியரிங் எண்டு அம்பாசடர். அப்பா காலத்திலிருந்து’ என்று எழுதினார்.

ஊர்வலத்தன்று கடைசி வரிசை கிடைத்தது. ஃபாரத்தைப் பார்த்திராத விழாக்குழுப் பிரேம்குமார் பதறி ஓடிவந்தார்.

“என்ன முசியே, இங்க வந்து நிக்கிறீங்க?”

நாராயணசாமி முன்னால் நின்ற வெள்ளை அம்பாசடரைக் காட்டினார். “சொந்தக்காரங்க முன்னால போறாங்க. நாங்க பின்னால வர்றோம்.”

வண்டிகள் நகர்ந்தன. “இங்கருந்து பேண்டு சத்தமே கேக்கலையே” என்றார் பக்கத்து இருக்கை ஹேமலதாவிடம், கொஞ்சம் வருத்தமாகத்தான்.

“நல்லதுதாங்க. போன வருஷம் அந்தச் சத்தத்துல நான் கத்துனது உங்களுக்குக் கேக்கவே இல்ல.”