கறுப்பின் கீழ் சிவப்பு

...அவசரப்பட்டால் உரியாது, சுட்ட செப்புத் தகடு அடுப்பிலேயே கிடந்து மெல்ல மெல்ல ஆறவேண்டும், அப்போதுதான் மேலே படிந்த கறுப்பு செதில் செதிலாகக் கழன்று அடியில் சிவப்புத் தெரியும், அந்தச் சிவப்பை உப்புத்தண்ணீரில் வைத்து வெயில் காட்டினால் மின்சாரம், கொஞ்சம், மிகக் கொஞ்சம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அடுக்கடுக்கான படிகங்களை வளர்க்க மூடிய கண்ணாடிக் குழாயும் உலையும் வாரக்கணக்கில் வேண்டியிருந்தன. இங்கே ஊரில், சரவணையில், சிரட்டைக்கரி போதும், சறோஜினி எனக்குக் கொண்டுவந்த சீதனச் செப்புக்குடம் போதும்... குடத்தை வெட்டியதை மாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகுதான் கேட்டார், "வெயிலுக்கை விளக்கு எரிக்கப் போறீரோ தம்பி?" சறோஜினியின் தங்கை இரஞ்சிதம் நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "விடுங்கோ அம்மா, அத்தான் சூரியனுக்கு வெளிச்சம் பிடிக்கட்டும்." பகலில் வருவதைப் பழைய பற்றரியில் சேர்த்துவைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம்; அடுத்த துண்டை வெட்டினேன்.

மண்ணெண்ணெய் இல்லை, புதுப் பற்றரிக்கு யுத்தகாலத் தடை, ஆஸ்பத்திரிக்குப் பாதை இல்லை. சறோஜினிக்கு வலி கண்ட அன்றும் இல்லை. குப்பிவிளக்கு அணைந்தது, மருத்துவிச்சி இருட்டில் தடவினாள், இரத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை, வெளிச்சம் கொண்டுவாரும் என்று கத்தினாள், நான் எங்கே போவது, சறோஜினி கத்தவேயில்லை, விடியமுன் போய்விட்டாள்... அதே அறையில்தான் இரஞ்சிதத்துக்கும் பிள்ளை பிறக்கப்போகிறது. மற்றத் தகடுகளைச் சுட்டாயிற்று. இது கடைசி. இது இல்லாமல் ஒரு சின்னப் புள்ளி வெளிச்சத்துக்கும் காணாது.

கிணற்றடியில் என்ன உரசுகிறது? குசினிக்குள் போனேன், அடுப்பில் தகடு இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன், இல்லை, நடந்தேன். மாமியின் கையில் புளி, பக்கத்தில் சாம்பல். தகட்டில் கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை, கலியாணவீட்டுச் செம்பு போலப் பளபளப்பு.

"மாமி, அதைத் தேய்க்கக்கூடாது."

"செம்பை இப்பிடியோ கரியாக்கிறது? இஞ்சை பாரும்."

ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. சறோஜினிதேவி.

"கரிக்குள்ளை பிள்ளையின்ரை பேர் கிடந்தது, தம்பி."

குடத்தை வெட்டியவன் நான். துண்டு துண்டாக, இந்தப் பக்கத்தைக் கடைசிக்கு விட்டு... கடைசிக்கு விட்டேன் என்றால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தானா நெருப்பில் வைத்தேன்? எப்போது பார்த்தேன்?

இன்னொருமுறை சுடலாம். எழுத்துத் தாங்காது, தகடு தாங்கும். அறைக்குள் இரஞ்சிதம் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் தகட்டின் ஒரு முனையைப் பிடித்தேன். மற்ற முனையை மாமி விடவில்லை, நானும் இழுக்கவில்லை.