கயிற்றுக்காரர் தெருவின் இருபத்திரண்டு அடி

முதுகில் பெரிய பையோடு வந்த ஒரு பெண் நான்கு நாள் நடந்தே ஊர் சுற்றிப் பார்த்ததில் நகரம் நூற்று எண்பத்தொரு அடி நீண்டது. நகராட்சியின் தெரு அளவுப் பதிவேட்டில் இது இருக்கிறது. அந்த வருடம் மழை குறைவு, மீன் விலை அதிகம், படகுத்துறை மணிக்கூண்டின் பெரிய முள் இரண்டு முறை கழன்று விழுந்தது. வேறு விசேஷமில்லை.

திங்கட்கிழமை மதியப் பேருந்தில் அவள் வந்து இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். கடலைப் பார்த்த விடுதியில் இருப்பதிலேயே சின்ன அறையை எடுத்தாள், இரண்டு ஜோடி காலுறைகளைத் துவைத்து ஜன்னலில் காயப்போட்டாள், நடக்கத் தொடங்கினாள். படம் எடுக்கவில்லை, பேரம் பேசவில்லை, யாரிடமும் வழி கேட்கவில்லை. என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள் என்று விடுதிக்காரர் கேட்டதற்கு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாள். அந்த நகரத்தில் எவரும் எதையும் சும்மா செய்ததில்லை. துறைமுகத்தை விரிவாக்க நிலம் பார்க்க வந்த உளவாளி என்று ஐஸ் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ஓடிப்போன புருஷனைத் தேடுகிறாள் என்று சலவைக்கடையில் முடிவு செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவளுக்குப் பைக்காரம்மா என்று பேரும் வைத்தாகிவிட்டது. அவளோ ஒவ்வொரு தெருவிலும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, துருப்பிடித்த குழாயையும் பூச்சு உதிர்ந்த சுவரையும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல நிதானமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கயிற்றுக்காரர் தெருவை அளக்கும் முறை வந்தது. தார் போடுவதற்கு முன் ஒவ்வொரு தெருவையும் வருடத்துக்கு ஒருமுறை அளப்பது நகராட்சி வழக்கம். அளவுக்காரர் முப்பத்து மூன்று வருடமாக அந்த வேலையில் இருந்தார். நூறடி இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை அவர் இழுப்பார், மறுமுனையை அவர் மனைவியின் தம்பி தெருமுனை எல்லைக் கல்லின் மேல் அழுத்திப் பிடிப்பார். இழுத்து இழுத்து அளவுக்காரரின் வலக்கை இடக்கையைவிட அரை அங்குலம் நீண்டிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் வலது பக்கம் மணிக்கட்டு வெளியே தெரியும். கயிற்றுக்காரர் தெருவின் நீளம் ஆயிரத்து நூற்று நாற்பது அடி என்பது அவருக்குத் தன் வயதைப் போல மனப்பாடம். அன்றைக்கு ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு வந்தது.

"மாமா, ராத்திரி சரியா தூங்கினீங்களா?" என்றார் மைத்துனர்.

"என் தூக்கத்த விடு மாப்ள. நீ கல்லு மேலதான வச்ச?"

"கல்லு மேலதான் வச்சேன். கல்லு நகந்திருந்தா அது கல்லோட தப்பு."

மூன்று முறை அளந்தார்கள். மூன்று முறையும் இருபத்திரண்டு அடி கூடுதல். சங்கிலி பட்டறைக்குப் போய் வந்தது. ஒரு நூல் கூடக் கூடவோ குறையவோ இல்லை. நகராட்சிப் பொறியாளர் மேசை மேல் சங்கிலியைக் கிடத்தி, "சங்கிலி சரியா இருக்கு. அப்ப எது சரியில்லன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். தார் ஒப்பந்தக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி. அடியைக் கூட்டி எழுதினால் யாருக்கு லாபம் என்பதை விளக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானே வந்து அளக்கப்போவதாகவும், பழைய அளவு வராவிட்டால் அளவெடுக்கும் வேலையிலிருந்து அளவுக்காரரை எடுத்துவிடப்போவதாகவும் பொறியாளர் சொன்னார். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அளவுக்காரர் சேர்த்த சொத்து, அவர் சொன்னால் அளவு சரியாக இருக்கும் என்ற பேர் ஒன்றுதான்.

புதன்கிழமை அவர் பைக்காரம்மாவின் பின்னால் போனார். மற்ற தெருக்களையும் அளந்து பார்த்து, நீளம் கூடிய தெருக்கள் எல்லாம் அவள் நடந்த தெருக்கள் என்பதை அதற்குள் கண்டுபிடித்திருந்தார். வலைக்கூடச் சந்தில் ஒரு தபால் பெட்டிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே முன்பே அளந்து வைத்துக்கொண்டு, கோணிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். அவள் வந்தாள், வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், போனாள். பிறகு அளந்தபோது ஒன்பது அடி கூடியிருந்தது. சுவரில் ஒரு பச்சை ஜன்னல் இருந்தது. ஜன்னல் திண்டில் ஒரு பூனை, பிறந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதைப் போலக் கால் நக்கிக்கொண்டிருந்தது.

அவர் ஒளிந்து நின்ற செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் மைத்துனர்.

"ஊரை அளந்தது போதாதுன்னு இப்ப ஒருத்தி பின்னால போய் அளக்குறீங்களாமே" என்றாள் மனைவி.

"அவ நின்னு பாக்குற எடமெல்லாம் தெரு நீளுது."

"நீளும், நீளும். உங்க பொய்யும்தான் நீளுது."

வியாழக்கிழமை மதியம் டீக்கடையில் அவளைப் பிடித்து, எதிரே உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னார். சிரிப்பாள், அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை அடி?" என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் நூத்துத் தொண்ணூறு."

"கம்மிதான். போன ஊர்ல ஒரு பாலம் இருந்த எடத்துல ரெண்டு பாலம் ஆயிடுச்சு. அதனாலதான் எங்கயும் நாலு நாளைக்கு மேல தங்குறதில்ல." பிறகு, தன்னால் அதைச் சரிசெய்ய முடியும் என்றாள். எதையும் பார்க்காமல் வந்த வழியே திரும்பி நடந்தால் தெரு பழையபடி ஆகிவிடும். தனக்கு அது பிடிக்காது, ஆனால் ஒருத்தர் வேலைக்கு ஆபத்து என்றால் செய்வேன் என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதிலேயே ஏதோ சூது இருக்கிறது என்று அளவுக்காரருக்குப் பட்டது. முதலில் வலைக்கூடச் சந்தில் செய்து காட்டச் சொன்னார். அவள் பைப் பட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு நுனியை மட்டும் பார்த்தபடி, எதிர்த்திசையில் விறுவிறுவென்று நடந்து முடித்தாள். சந்து ஒன்பது அடி குறைந்தது. பச்சை ஜன்னல் இல்லை.

"அளவு சரியாயிடுச்சு மாப்ள" என்றார் அளவுக்காரர்.

"சரி மாமா. பூன எங்க?" என்றார் மைத்துனர். குனிந்து கோணிக் குவியலுக்குப் பின்னால் எல்லாம் தேடினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கயிற்றுக்காரர் தெருவில் அதே மாதிரி நடப்பது என்று பேச்சு. கூடிப்போன அடி எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவைக்க அளவுக்காரர் அன்று மாலையே தனியாகப் போனார். பதினான்காம் எண்ணுக்கும் பதினைந்தாம் எண்ணுக்கும் நடுவே இருபத்திரண்டு அடி அகலத்தில் ஒரு தையல்கடை இருந்தது. உள்ளே ஒரு பெண் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் கட்டிலில் ரேடியோவைக் காதோடு வைத்துப் படுத்திருந்தார். அவர் காலடியில் ஒரு சின்னப் பெண் நூல்கண்டுகளை நிறம் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தீங்களா! உங்க வீட்டம்மா குடுத்த சட்டை ரெண்டு வாரமா கெடக்கு" என்று தையல்காரி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "வலது கை அரை அங்குலம் கூட வச்சிருக்கேன், எப்பவும் போல."

பொட்டலத்தை வாங்காமல், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பதினாறு வருடம் என்றாள் அவள். பதினேழு என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அதற்கு இருவரும் சண்டை போடத் தொடங்கினார்கள். இல்லாத மனிதர்கள் இவ்வளவு சகஜமாகச் சண்டை போட முடியுமா என்ற சந்தேகம் அளவுக்காரருக்கு வந்தது. அவர் எழுத்தைத் தவிர எதையும் நம்பாதவர். நேரே நகராட்சிக்குப் போய்ப் பதிவேட்டு அறையைத் திறக்கச் சொல்லி, பழைய புத்தகங்களை இறக்கினார். அப்படி ஒரு கடை எந்த வருடத்திலும் இல்லை. திருப்தியாக மூடப்போனவர், கையில் இருந்த புத்தகத்தில் தான் குடியிருக்கும் தெருவின் பேரைப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். அவருக்கு முன் அளவெடுத்தவரின் கையெழுத்தில் இப்படி இருந்தது: பதினெட்டு அடி கூடுதல். முந்தைய அளவு தவறு. நடந்து வந்த ஒருவர் மூன்று நாள் தங்கிப் போனார்.

அந்த மனிதர் கூட்டல் தெரியாதவர் என்று அலுவலகம் முழுக்கச் சிரித்ததை அளவுக்காரர் கேள்விப்பட்டிருந்தார். அவரும் சிரித்திருக்கிறார். சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு முகப்பை அளந்தார். பதினெட்டு அடி. அந்த வீட்டில்தான் பிறந்தார். மாடிப்படியில் விழுந்து பல் உடைந்தது ஐந்து வயதில், உடைந்த பல் இன்னும் வாயில் இருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தேழு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் பைக்காரம்மா பைப் பட்டைகளை இறுக்கியபடி தயாராக நின்றாள்.

"வேணாம்மா" என்றார் அவர். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க."

"உங்க வேலை?"

"ஏழு மாசம்தான. கெளம்புங்க. போற வழியில எதையும் பாக்காம மட்டும் போயிடாதீங்க."

பத்து மணிக்குப் பொறியாளர் அளந்தார், ஆயிரத்து நூற்று அறுபத்திரண்டு வந்தது. பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே உள்ள கடையை அவர் கண்டுகொள்ளவில்லை. அது அங்கே இருப்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அளவுக்காரர் பதிவேட்டை வாங்கி, நூற்று எண்பத்தொரு அடியையும் தெரு வாரியாக எழுதி, முந்தைய அளவுகள் தவறு என்று கையெழுத்துப் போட்டார். முப்பத்து மூன்று வருடம் தப்பாக அளந்தவர் என்று அலுவலகம் சிரித்தது. மீதி ஏழு மாதமும் தண்ணீர்க் குழாய்ப் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். சங்கிலி மைத்துனரிடம் போனது.

அன்று மாலை பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். அவள் முதலில் பார்த்தது முகத்தை, பிறகு பொட்டலத்தை.

"எங்க போயிட்டு வரீங்க?"

"கயிற்றுக்காரர் தெரு. தையல்கடைக்கு."

மூன்று நாளாக அவர் சொன்ன எதையும் நம்பாதவள், இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு தெரு தள்ளி இருக்குற கடையில ஒரு சட்டைய வாங்க ரெண்டு வாரமா? போட்டுக் காட்டுங்க."

அவர் போட்டுக் காட்டினார். வலது கை மணிக்கட்டில் கச்சிதமாக வந்து நின்றது.