ஏழாம் எண் ஜாடி

"ஆட்ட ஆடுன்னு எழுதினதுக்கா என் பொண்ணு ஃபெயிலு? சொல்லுங்க சார், இதுக்குப் பேரு படிப்பா?"

"சத்தம் போடாதீங்க. கேட்டதுக்குத்தான் பதில் எழுதணும். கறிக்கடையில வளர்ந்தா பாக்கறதெல்லாம் ஆடாத்தான் தெரியும்!"

மாடிப்படியில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது நான் என் வாசலில் செருப்பு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில் ஏற்கெனவே இரண்டு முறை துடைத்த அலமாரிதான். கீழே கறிக்கடைக்காரர் குடும்பம், மேலே உடற்கூறியல் பேராசிரியர், நடுவில் நான். இப்படி ஓர் இடத்தில் வீடு அமைந்தால் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்?

கறிக்கடைக்காரர் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டு. செய்முறைத் தேர்வில் ஜாடிகளை வரிசையாக வைத்து, ஊசி குத்தியிருக்கும் பகுதியின் பெயரை எழுதச் சொல்வார்களாம். ஏழாம் எண் ஜாடியில் 'மனித மூளைத்தண்டு' என்று சீட்டு. மூளையையும் முதுகுத்தண்டையும் இணைக்கிற, கட்டைவிரல் பருமனான காம்பு அது. ஊசி இருந்த இடத்துக்கு 'ஆலிவ்' என்று ஒரு சொல் எழுதினால் மதிப்பெண். இவள் எழுதினாள்: 'இங்கே ஆலிவ் புடைப்பு இல்லை. இது மனிதனுடையது அல்ல, ஆட்டினுடையது.' பேராசிரியர் சுழித்துவிட்டார். ஒரு மதிப்பெண்ணில் தேர்வு போயிற்று. தேர்வோடு வருடமும் போயிற்று.

அப்பாவின் பின்னாலிருந்து அவளே படியேறி வந்தாள்.

"சார், மனுஷனுக்கு அந்த இடத்துல ரெண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை மாதிரி புடைச்சிருக்கும். இதுல மட்டமா கெடக்கு. அதுக்கு மேல இருக்கற பான்ஸ் மேடும் மனுஷனுக்குப் பெருசு, கீழ ஓடற குறுக்குப் பட்டைய மூடிடும். ஜாடியில அந்தப் பட்டை பளிச்சுன்னு வெளிய தெரியுது."

"பதினோரு வருஷமா ஃபார்மலின்ல ஊறுதும்மா. சுருங்கிப்போச்சு."

"சுருங்கட்டும் சார். புதுசா பட்டை முளைக்குமா?"

நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். இதற்குமேல் என்ன நடிப்பு?

உள்ளேயிருந்து பேராசிரியரின் மனைவி, "ஏங்க, அந்தப் புள்ளைக்குப் பதிலச் சொல்லிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். மனிதருக்குக் காது சிவந்துவிட்டது.

"பதினோரு செட்டுப் பசங்க ஆலிவ்னு எழுதித்தான் பாஸானாங்க. அத்தனை பேரும் முட்டாளா? நாளைக்குக் கல்லூரிக்கு வாங்க. முதல்வர் முன்னாலயே காட்டறேன்."

மறுநாள் துணைக்கு என்று சொல்லி நானும் கிளம்பினேன். யாருக்குத் துணை என்று யாரும் கேட்கவில்லை. கறிக்கடைக்காரர் அன்று காலையில் அறுத்த ஆட்டின் மூளையை, காம்பு அறுபடாமல் எடுத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார். மகள், மனித மூளைத்தண்டின் அச்சாகக் கல்லூரி வைத்திருந்த பிளாஸ்டர் பொம்மையைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தாள். ஒரு பக்கம் ஜாடி, மறு பக்கம் பாத்திரம்.

படிக்காத எனக்கே தெரிந்தது. பொம்மைக்கு முன்பக்கம் பெரிய தொப்பை, அதுதான் பான்ஸ். தொப்பைக்குக் கீழே இரண்டு மொச்சை. ஜாடிக்காரனுக்கும் பாத்திரக்காரனுக்கும் தொப்பை சிறுத்து, அதன் அடியில் அந்தக் குறுக்குப் பட்டை கோடாகத் தெரிந்தது. பின்பக்கம் திருப்பினால் நான்கு மேடுகள். பொம்மையில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, மற்ற இரண்டிலும் மேல் ஜோடி மட்டும் உப்பியிருந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான், சந்தேகமே இல்லை.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

மூலையில் நின்ற ஆய்வக உதவியாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, பதினோரு வருஷத்துக்கு முன்னால பழைய ஜாடி உடைஞ்சுபோச்சு. மறுநாளே பரீட்சை. இவரு கடையிலதான் ஒண்ணு வாங்கியாந்து வெச்சேன். சார்கிட்டயும் சொன்னேன். பசங்களுக்கு எங்க தெரியப்போவுதுன்னாரு."

தெரிந்தே! தெரிந்தே அந்த மனிதர் நேற்று மாடிப்படியில் நின்று, கறிக்கடையில் வளர்ந்தவள் என்று ஏளனம் செய்தாரே! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கறிக்கடைக்காரர் பாத்திரத்தை மூடினார்.

முதல்வர் கனிவாகப் பேசினார். முடிவு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதாம், திருத்தினால் கல்லூரிக்குக் கெட்ட பெயராம். "ஒண்ணு பண்ணலாம்மா. கருணை மதிப்பெண் ஒண்ணு போட்டுடறோம். பாஸாயிடுவ."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன், எனக்குக் கருணை காட்ட? சரியா எழுதினதுக்கு மார்க் போடுங்க. இல்லன்னா விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். அன்று மாலைக்குள் ஏழாம் எண் ஜாடியில் 'ஆடு' என்று புதுச்சீட்டு ஒட்டியாயிற்றாம்; உதவியாளர்தான் என்னிடம் சொன்னார். சீட்டை மாற்றப் பசை இருந்தது. மதிப்பெண்ணை மாற்ற மட்டும் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கை வரவில்லை.

அவள் வேறு ஊர்க் கல்லூரியில் முதல் ஆண்டை முதலிலிருந்து படித்தாள். கறிக்கடைக்காரர் கடையைக் கைமாற்றிவிட்டு மகளோடு போய்விட்டார். இப்போது அந்த வீட்டில் ஒரு கண்ணாடிக்கடைக்காரர் இருக்கிறார், பேச்சே இல்லாத மனிதர், எனக்குப் பொழுதே போகவில்லை. பேராசிரியர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போனார். கறிக்கடைக்காரர் பெண் காது மருத்துவராகி, கூடப் படித்தவனையே போன வருடம் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பேராசிரியரின் மனைவி தனியாக வந்திருந்தாள். "அவர்கிட்ட சொல்லிட்டா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாரு. எங்க போறேன்னு நான் சொல்லல" என்றவள், பந்தியில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.